வாடகை வீடும் வளர்ப்புப் பிராணிகளும்: கிளிநொச்சியிலிருந்து ஒரு வீட்டுக்காரியின் அனுபவம்

2017 தை மாதத்தில் எங்கள் வாடகை வீட்டில் இருந்த ஒரு குடும்பம் இடமாற்றம் கிடைத்து வெளியேறியது. சாமான்களை ஏற்றிய லொறி காலையிலேயே புறப்பட்டுவிட்டது. தாயும் பிள்ளைகளும் பஸ்ஸில் போனார்கள். திறப்பை வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போனபோது கிணற்றடியில் செம்மண் நிறத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. படலை திறந்த சத்தத்துக்கு வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்த அது, என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அந்த வீட்டில் நாய் வளர்க்க நாங்கள் ஒருபோதும் அனுமதி கொடுக்கவில்லை. நாய், பூனை, கோழி எதுவும் கூடாது என்று வீடு பார்க்க வந்த முதல் நாளே சொல்லியிருந்தோம். அவர்களும் சரி என்று தலையாட்டியிருந்தார்கள்.

அயலில் விசாரித்தபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. ஒன்றரை வருடமாக அந்த நாய் அங்கே இருந்திருக்கிறது. எங்கள் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பதால், மாதத்தில் ஒரு நாள், 5 ஆம் திகதி, வாடகை வாங்க நான் போகும்போது மட்டும் அதைப் பக்கத்து வளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. என் கணவர் தெரிந்த நாய்ப் பெயர்களை எல்லாம் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அது காதைக்கூட அசைக்கவில்லை. மூன்றாம் நாள் அயல்வீட்டுச் சிறுவன் வந்து "ரைகர்" என்று கூப்பிட்ட பிறகுதான் எழுந்து வந்து சோற்றில் வாய் வைத்தது.

அதே நாள் பின்னேரம், சாப்பிட்டுக்கொண்டிருந்த நாயைத் தடவப் போன அந்தச் சிறுவனின் கையில் அது பல்லைப் பதித்துவிட்டது. காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அங்கே கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. சுகாதாரத் திணைக்களத்தினர் ஊருக்குள் வந்து நாய்களுக்கு இலவசமாக ஊசி போட்ட நாளில், வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில், அந்தக் குடும்பம் நாயை வெளியே கொண்டுவரவில்லை என்று பின்னர் அறிந்தேன். பிள்ளைக்கு ஊசிகள் போடப்பட்டன. நாய்க்கு நோய் இருக்கவில்லை. பிள்ளையும் சுகமாக இருக்கிறான். ஆனால் அந்த இரண்டு வாரமும் அவனுடைய தாயின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஊசி போடாத நாய் அந்த ஒழுங்கையில் ஒன்றரை வருடம் உலாவியதற்கு எங்கள் தடையும் ஒரு காரணம் என்பதை அன்றுதான் நான் உணர்ந்தேன்.

நாங்கள் ஏன் தடை போட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். 2013 இல் ரயில் மறுபடியும் கிளிநொச்சி வரை வந்தது. 2014 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கத் தொடங்கின. வங்கிகள், அலுவலகங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு தேவைப்பட்டது. மாமியாரின் காணியில் கடன் எடுத்துக் கட்டிய இரண்டு அறை வீட்டை அந்த ஆண்டுதான் வாடகைக்கு விட்டோம். புதுச் சிவப்புச் சீமெந்துத் தரை, வேப்பம்பலகைக் கதவுகள், கடன் இன்னும் கட்டி முடியவில்லை. ஒரு கீறல் விழுந்தாலும் நெஞ்சில் விழுந்தது போல இருந்த காலம் அது.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. போரில் இடம்பெயர்ந்து கிழக்கே போனபோது எங்கள் நாய் வெள்ளையன் உழவு இயந்திரத்தின் பின்னால் முரசுமோட்டை வரை ஓடி வந்தான். பெட்டியில் ஆட்களுக்கே இடம் இருக்கவில்லை. 2010 இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, அவனும் இல்லை. வன்னியில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு நாயோ மாடோ உண்டு. எல்லோரும் மனிதர்களை இழந்து நின்ற இடத்தில் அவற்றைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. எங்கள் வளவுக்குள் மறுபடியும் ஒரு நாயின் கண்ணைப் பார்க்க எனக்கு மனம் இருக்கவில்லை. அந்த மனக்கசப்பை வாடகைக்கு வருபவர்கள் மேல் சட்டமாகப் போட்டுவிட்டேன்.

ரைகரை நாங்களே வைத்துக்கொண்டோம். அடுத்த வருடம் மாசியில் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு வங்கி உத்தியோகத்தர் மனைவியோடு வீடு கேட்டு வந்தார். "ரீச்சர், எங்களிட்ட ஒரு நாய் இருக்கு. மறைச்சுக்கொண்டு வர விருப்பமில்லை, அதுதான் முதலே சொல்லுறம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே சம்மதித்தேன். ஆனால் வாய்ப்பேச்சோடு விட்டுவிட்டேன். நான் செய்த இரண்டாவது தவறு அது.

வெளியூர் உத்தியோகத்தர்களுக்கு வீடு விடுபவர்கள் வெள்ளிக்கிழமையைப் பற்றி யோசிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்; ஞாயிறு இரவோ திங்கள் காலையோதான் திரும்புவார்கள். நீண்ட விடுமுறை வந்தால் ஒரு வாரமும் ஆகும். அந்த நாட்களில் நாய்க்கு யார் சோறு வைப்பது, யார் தண்ணீர் மாற்றுவது என்று நாங்கள் இரு தரப்பாரும் பேசவே இல்லை. தொடக்கத்தில் அவர்கள் ஒருவரைக் காசு கொடுத்து ஒழுங்கு செய்திருந்தார்கள். அவர் வராமல் விட்ட பிறகு, கேட்காமலே என் கணவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்.

2018 மார்கழி 21 ஒரு வெள்ளிக்கிழமை. நத்தார் விடுமுறைக்காக அவர்கள் மத்தியானமே புறப்பட்டுவிட்டார்கள். அன்றிரவு கொட்டிய மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுக் குளத்தின் கதவுகளும் திறக்கப்பட்டன. எங்கள் ஒழுங்கை தாழ்வான பகுதி. விடியப்புறம் என் கணவர் டோர்ச்சோடு போனபோது முழங்கால் அளவு தண்ணீர். படலைக்குப் பூட்டுப் போடப்பட்டிருந்தது. அதன் திறப்பு எங்களிடம் இல்லை. மதில் ஏறிக் குதித்துப் பின்பத்திக்குப் போய்ப் பார்த்தால், நாய் சங்கிலி விட்ட நீளத்துக்கு ஒரு சீமெந்துப் பையின் மேல் முன்னங்காலை வைத்து, கழுத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. குரைத்துக் குரைத்துக் குரலே இல்லாமல் போயிருந்தது. சங்கிலியின் கொளுக்கி துருப்பிடித்து இறுகியிருந்ததால், நனைந்த கையால் அதைக் கழற்ற அவருக்கு நீண்ட நேரம் எடுத்தது.

அந்தத் தம்பதியர் கெட்டவர்கள் அல்லர். செய்தி கேட்டு அந்தப் பெண் தொலைபேசியில் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. ஆட்கள் இல்லாத நாட்களில் நாயைக் கட்டி வைக்கக்கூடாது, ஒரு திறப்பு வீட்டுக்காரரிடமோ அயலிலோ இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ளும் ஆளின் பெயரும் தொலைபேசி இலக்கமும் தாளில் இருக்க வேண்டும் என்ற மூன்றையும் நாங்கள் தொடக்கத்திலேயே எழுதியிருந்தால், அந்த இரவு அப்படி நடந்திருக்காது.

சேதங்களையும் மறைக்காமல் சொல்கிறேன். பின்கதவின் கீழ்ப்பகுதி முழங்கால் உயரத்துக்குக் கீறப்பட்டிருந்தது. நகம் பட்ட இடத்தில் பலகை தும்பு தும்பாக எழும்பியிருந்தது. தச்சுத் தொழிலாளி ஒருவர் அதைச் சீவி, வெளிப்பக்கம் அலுமினியத் தகடு அடித்துத் தந்தார். இதைக் குடிவரும் முன்பே அடித்திருந்தால் நான்கில் ஒரு பங்கு செலவோடு முடிந்திருக்கும். அயல்வீட்டுக் கோழிகள் மூன்றை நாய் பிடித்துவிட்டது. அதற்கான பணத்தை அவர்கள் உடனே கொடுத்தார்கள். எங்கள் வேலியின் ஒரு பக்கம் கிடுகு. அதன் அடியில் நாய் தோண்டிய பள்ளத்தை நாங்கள் முன்பே கவனித்திருக்க வேண்டும். கோழி வளர்க்கும் அயலுக்கு நடுவே வேலியின் அடிப்பக்கம் தகரமோ கம்பி வலையோ போடாமல் நாய்க்குச் சம்மதிப்பது, அயலுறவைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை உண்ணி. அவர்கள் 2020 இல் போன பிறகு வீடு சில மாதங்கள் பூட்டிக் கிடந்தது. திறந்து பெயின்ற் அடிக்கப் போனபோது சுவர் வெடிப்புகளிலும் யன்னல் நிலைகளின் இடுக்குகளிலும் உண்ணிகள் இருந்தன. நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே தன் வாழ்க்கை வட்டத்தை முடிக்கக் கூடியது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். இரத்தம் குடிக்காமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே நாய் போய்விட்டால் உண்ணியும் போய்விடும் என்று நினைக்கக்கூடாது. வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, மருந்து அடித்து, இரண்டு கிழமை கழித்து மறுபடியும் அடித்தோம். நாயின் உடம்பில் உண்ணி மருந்தை ஒழுங்காகப் பாவித்தால் இந்த நிலையே வராது. பூனையும் இருக்கும் வீட்டில் ஒரு எச்சரிக்கை: நாய்க்கு ஊற்றும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு நஞ்சு.

அடுத்து அந்த வீட்டைக் கேட்டு வந்தது வவுனியாவிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம். முன்பு நாய் இருந்த வீடு என்பதை முதலிலேயே சொன்னேன். அவர்கள் யோசித்துவிட்டு, தரை முழுவதையும் தங்கள் முறைப்படி கழுவிக்கொள்ள ஒரு நாள் முன்கூட்டித் திறப்புத் தரச் சொன்னார்கள், கொடுத்தோம். சொல்லாமல் விட்டிருந்தால் அது அவர்களுக்குச் செய்யும் துரோகமாக இருந்திருக்கும்.

ஒன்ராறியோவில் இருக்கும் என் தங்கையோடு இதைப் பற்றி அடிக்கடி கதைப்பேன். அங்கே 2006 ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி, செல்லப்பிராணி கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் அந்த வரி செல்லாது. பிராணி உண்மையிலேயே சேதமோ ஆபத்தோ கடுமையான ஒவ்வாமையோ ஏற்படுத்தினால்தான் வீட்டுக்காரர் நடவடிக்கை எடுக்கலாம். இங்கிலாந்திலும் 2025 இல் வந்த வாடகையாளர் உரிமைச் சட்டம், பிராணி வளர்க்க எழுத்தில் அனுமதி கேட்கும் உரிமையைக் குடியிருப்பவருக்குக் கொடுத்து, தகுந்த காரணம் இல்லாமல் மறுக்கக்கூடாது என்கிறது. நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை; எல்லாம் வீட்டுக்காரரின் சொல்தான். வன்னியில் அந்த வீட்டுக்காரர் பெரும்பாலும் கனடாவிலோ சுவிஸிலோ இருப்பார். திறப்பு ஒரு சித்தப்பாவிடம் இருக்கும். அவர் வீண் பிரச்சினை வேண்டாம் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் இல்லை என்பார். அங்கே நாயோடு வாடகை வீட்டில் வாழும் உரிமை உள்ள நம்மவர்கள், ஊரில் உள்ள தங்கள் வீட்டுக்கு மட்டும் அதை மறுக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தங்கையிடமும் இதைச் சொன்னேன். தன் காணியில் உள்ள வீட்டுக்கு அவளும் இப்போது சம்மதித்துவிட்டாள்.

2021 இல் ஒரு விரிவுரையாளர் இரண்டு பூனைகளோடு வந்தபோதுதான் நான் முதன்முறையாக எல்லாவற்றையும் எழுதினேன். இங்கே பலர் வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைப்பதோடு விட்டுவிடுகிறார்கள். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையெழுத்திடப்படாவிட்டால் சட்ட வலு அற்றது. ஆகவே நொத்தாரிசிடமே போனோம். அவர் ஆயத்தமாக வைத்திருந்த படிவத்தில் பிராணிகள் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

முதலில், எந்தப் பிராணி, எத்தனை, என்ன நிறம், என்ன வயது என்பது. "செல்லப்பிராணி அனுமதிக்கப்படும்" என்று பொதுவாக எழுதினால் இரண்டு பூனை ஏழாகும்போது பேச இடம் இருக்காது. ஆகவே கருத்தடை செய்ததற்கான துண்டையும் இணைத்தோம். வருடம் தவறாமல் விசர்நோய்த் தடுப்பூசி போட்டு அட்டையைக் காட்ட வேண்டும் என்பது அடுத்தது. வாடகை முற்பணத்தோடு சேர்க்காமல், திருத்த வேலைக்கென்று ஒரு மாத வாடகையைத் தனியாக வாங்கினோம். செலவுத் துண்டைக் காட்டி அந்த அளவை மட்டுமே கழிப்பது, மீதியை வெளியேறும் நாளிலேயே கையில் கொடுப்பது என்று எழுதினோம். பிராணிக்காக மாத வாடகையைக் கூட்டுவதை நான் ஏற்கவில்லை. அது திரும்பி வராத காசு, நடக்காத சேதத்துக்கு வாங்கும் தண்டம். குடிவரும் நாளில் ஒவ்வொரு கதவையும் தரையையும் இருவரும் சேர்ந்து கைத்தொலைபேசியில் படம் பிடித்தோம்.

நான் அதிக நேரம் எடுத்து எழுதுவித்தது வெளியேறும் நாள் பற்றிய பகுதி. வீட்டை ஒப்படைக்கும்போது பூனைகளும் கூடவே போக வேண்டும். கொண்டு போக முடியாத நிலை வந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லி, பொறுப்பேற்கும் ஆளை எங்களுக்கு நேரில் காட்ட வேண்டும். அதுவரை திருத்தப் பணம் திரும்பிக் கிடைக்காது. நொத்தாரிசு பேனையை வைத்துவிட்டு, இப்படி ஒரு நிபந்தனையைத் தான் இதுவரை எழுதியதில்லை என்றார். சேதத்தைப் பற்றித்தான் எல்லா வீட்டுக்காரரும் பயப்படுகிறார்கள். கதவைத் தச்சர் திருத்துவார், தரையை நாம் கழுவுவோம். தை மாத இடமாற்றம் முடிந்ததும் கிளிநொச்சி ஒழுங்கைகளில் படலைக்கு முன்னால் படுத்துக் கிடக்கும் நாய்களை யாராலும் திருத்திக் கொடுக்க முடியாது.

பூனைகள் தந்த தொல்லை ஒன்றுதான். சின்ன அறையின் மூலையில் சிவப்புச் சீமெந்து சிறுநீரை உறிஞ்சிவிட்டது. நான் முதலில் பிளீச் ஊற்றப் போனேன். சிறுநீரில் உள்ள அமோனியாவோடு அது சேர்ந்தால் நச்சுக் காற்று வரும் என்று அந்த விரிவுரையாளர்தான் தடுத்தார். வினாகிரியைத் தண்ணீரில் கலந்து ஊற்றி ஊறவிட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு அப்பச்சோடாவைத் தூவி ஒரு இரவு விட்டுக் கூட்டினோம். மூன்று முறை செய்தபின் மணம் போனது. அதே பூனைகள் இருந்த மூன்று வருடமும் நெல் மூடை அடுக்கியிருந்த பக்கத்துக் கொட்டிலில் எலித் தொல்லை குறைந்திருந்ததை அந்த வளவுக்காரரே வந்து சொன்னார். எலிக்காய்ச்சல் வரும் வயல் ஊரில் இது சின்ன நன்மை அல்ல. புடையன் பாம்பு வளவுக்குள் வந்தால் முதலில் குரல் கொடுப்பதும் நாய்தான்.

எல்லோரும் எப்போதும் அனுமதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே வளவில் ஒரே கிணற்றைப் பாவித்துக்கொண்டு வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் அருகருகே வாழும் இடத்தில், ஒரு பக்கத்தில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் மறுப்பது நியாயம். வேலியே இல்லாத வளவுக்குப் பெரிய நாய் பொருந்தாது. கடித்த பழக்கம் உள்ள நாயென்று தெரிந்தால் நான் சம்மதிக்க மாட்டேன். காரணத்தைச் சொல்லி மறுத்தால் வந்தவர் வேறு வீடு தேடுவார். காரணம் இல்லாத பொதுத் தடைக்குத்தான் ஆட்கள் தலையாட்டிவிட்டு மறைக்கிறார்கள்.

வீடு தேடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தடுப்பூசி அட்டையையும், முடிந்தால் முன்பிருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கத்தையும் கையோடு கொண்டு போங்கள். நாயையே ஒரு நாள் கூட்டிச் சென்று காட்டுங்கள். வார இறுதியில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லுங்கள். ஒரு முழு மனிதர் பொறுப்போடு தன் முன்னால் நிற்கிறார் என்று கண்டால், இல்லை என்று சொல்லும் வாய் பலருக்குத் தயங்கும். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

அந்த விரிவுரையாளர் 2024 இல் திருகோணமலைக்குப் போனார். வாகனம் வந்த காலையில் இரண்டு பூனைகளும் பழப் பெட்டியால் செய்த கூட்டுக்குள் இருந்து கத்திக்கொண்டிருந்தன. முதல் நாள் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அறை அறையாகப் பார்த்தோம். யன்னல் வலை ஒன்று கிழிந்திருந்தது; அதன் செலவைக் கழித்துவிட்டு மீதியை எண்ணிக் கொடுத்தேன். அவர் கூட்டைத் தூக்கி முன் இருக்கையில், தன் மடியோடு அணைத்து வைத்துக்கொண்டார். நான் திரும்பி நடந்து வர, படலையடியில் காத்திருந்த ரைகர் என்னோடு கூட வந்தான்.